அக்காவின் கையில் என் வாட்ச்

எங்கள் ஆபீஸில் ஒருவர் இறந்து முக்கால் மணி நேரம் வரை யாருக்கும் தெரியவில்லை. அவர் எப்போதும்போல உட்கார்ந்துதான் இருந்தார்.

சூளகிரி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் கம்பெனி. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிறோம். ‘செய்கிறோம்’ என்று நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். கீழே ஷாப் ஃப்ளோரில் இயந்திரங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் செய்கிறார்கள். நாங்கள் பதினோரு பேர் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பாகம் எந்த நாளில் எத்தனை வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புகிறோம். மாடிக்கு முப்பத்தெட்டு இரும்புப் படிகள். காலையில் வரும்போது ஏறுவோம், சாப்பிட ஒருமுறை இறங்கி ஏறுவோம், மாலையில் பஸ்ஸுக்கு இறங்குவோம். மற்றபடி நாற்காலிதான். பிரின்டரில் தாள் எடுக்கக்கூட எழுந்திருக்காமல், நாற்காலியோடு காலால் உந்தி உருண்டு போகிற கூட்டம் நாங்கள்.

இறந்தவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். சாப்பிட்டு வந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வது அவர் பழக்கம். அன்றும் மூடினார். ஏ.சி. காற்று அவர் முகத்தில் அடிக்கிறதே என்று நான்தான் எழுந்து தட்டியைத் திருப்பிவிட்டேன். அவர் மேஜையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது, அவர் மனைவி. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடையில் அவருக்கு ஒரு மெயில்கூட அனுப்பினேன். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் உதட்டின் நிறம் சரியில்லை என்று தெரிந்தது.

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. சாவு வீட்டுக்குப் போய் வந்த எல்லோருக்கும் இரண்டு நாள் வரும் பயம் இல்லை இது. வந்தது, உட்கார்ந்தது, போகவே இல்லை. எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள். தொந்தி மேஜை விளிம்பில் இடிக்கும். மாலையில் ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் அடையாளம் கணுக்காலில் பள்ளமாக இருக்கும். அதை விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குக் காலில் ஒரு பேய், நெஞ்சில் ஒரு பேய், இடது தோளில் ஒரு பேய்.

நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தேன். ஓசூரில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு போனேன். ஒரு சுற்று முடிவதற்குள் நெஞ்சு தம்பட்டம் மாதிரி அடித்தது. அடிக்கத்தானே செய்யும்? பல வருஷமாக நாற்காலியில் வைத்துப் பொத்திப் பாதுகாத்த உடம்பு அது. ஆனால் இதோ சாவு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

“மொதல்ல தண்ணி குடிங்க. இங்க எழுபது வயசுத் தாத்தா எல்லாம் நடந்து போறாரு, பாருங்க” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்ற பயத்தோடு, நடந்தால் உடனே செத்துப்போவேன் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டில் எது மெதுவாகக் கொல்லுமோ அதைத் தேர்ந்தெடுத்தேன். நாற்காலி.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி நடைப் போட்டி வைத்தது. ஒரு சாவு விழுந்துவிட்டதே, ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? ஆபீஸில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு கறுப்பு வாட்ச் கொடுத்தார்கள். கையில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம், நாடி எவ்வளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளும். மாலையில் அதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அன்றைய கணக்கு முழுவதும் கம்பெனியின் பட்டியலுக்குப் போய்விடும். திங்கட்கிழமை தோறும் நோட்டீஸ் போர்டில் பெயர்கள் வரும், அதிகம் நடந்தவர் மேலே, குறைந்தவர் கீழே. முதல் வாரம் நான் கடைசி. என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ பேனாவால் சிறியதாக ஒரு நாற்காலி வரைந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் வித்தை பிடிபட ஆரம்பித்தது. ஒருவர் வாட்ச்சை மேஜைக்கு அடியில் பிடித்து ஆட்டிக்கொண்டே போன் பேசினார். இன்னொருவர் தன் வாட்ச்சை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவர் கையில் கட்டிவிட்டார். எனக்கு டீ கொண்டுவரும் அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கெலமங்கலத்துக்கு அப்பால் ஒரு ஊர். கான்டிராக்ட் ஆள். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு கன்னடம். சேலைக்கு மேல் முழுக்கை வைத்த நீலக் கோட்டு போட்டிருப்பார். கேன்டீனிலிருந்து டீ கேனைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி, குவாலிட்டி, ஸ்டோர், கேட் என்று காலையில் இரண்டு சுற்று, மதியத்துக்கு மேல் இரண்டு சுற்று. நடுவில் கூட்டுவது, துடைப்பது. எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்தே இருப்பதற்கு அவரைப் போன்றவர்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

“கோட்டுக் கைக்குள்ள இருந்தா யாருக்கும் தெரியாதுக்கா. சாயங்காலம் குடுத்துடுங்க” என்றேன்.

“எனக்கு என்னா சார், நேரம் பாக்க ஆச்சு” என்று இடது கையை நீட்டினார். நானே கட்டிவிட்டேன்.

முதல் நாள் பதினான்காயிரம் அடி. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாட்ச்சைத் திருப்பித் தரும்போது, “இன்னிக்கி எத்தினி சார்?” என்று அக்கா ஆவலாகக் கேட்பார். சொல்வேன். “அடேங்கப்பா, இம்மாந்தூரமா நடந்தன்?” என்று தன் காலைக் குனிந்து பார்ப்பார். அவர் நடையை அதுவரை யாரும் எண்ணியதில்லை. எண்ணியபோது அது என் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நோட்டீஸ் போர்டில் என் போட்டோவை ஒட்டினார்கள். எச்.ஆர். அதிகாரி கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, “இவர் எப்படி இருந்தவர், இப்போ எப்படி ஆயிட்டாரு பாருங்க” என்று கை தட்டவைத்தார். வெட்கமில்லாமல் கும்பிட்டேன். நாற்காலி வரைந்தவரும் கை தட்டினார். அந்தச் சந்தோஷத்தை மறைப்பானேன், எனக்கு அது இனித்தது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெடிக்கல் ரூமிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும் டாக்டரம்மா, கம்ப்யூட்டரில் வாட்ச் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை என்றால் எனக்கு மற்றது எதுவும் காதில் விழாது.

“நல்லா நடக்கறீங்க, சந்தோஷம். நடக்கறப்போ நாடி ஏறும், அது சரி. ஆனா நின்ன பிறகும் உங்களுக்கு அது இறங்கவே மாட்டேங்குது. மூணு வாரமா இப்படி இருக்கு. துடிப்பும் சீரா இல்ல, தாறுமாறா போகுது. மூச்சு வாங்குதா? மயக்கம் வருதா?”

பக்கத்து நாற்காலிக்காரரின் உதடு கண் முன்னால் வந்தது. மகளின் முகம் வந்தது. அந்த நிமிஷத்தில் வாட்ச் யார் கையில் இருந்தது என்பதே எனக்கு நினைவில்லை. தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது. டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

“இப்போ சீராத்தான் இருக்கு. பயத்துல கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்” என்றார் யோசனையோடு. “வாட்ச்சையும் அப்படியே நம்ப முடியாது. திங்கட்கிழமை ஓசூர்ல இ.சி.ஜி. எடுத்துக்கிட்டு செவ்வாய்க்கிழமை என்னை வந்து பாருங்க. தள்ளிப் போடாதீங்க. இது நிஜமா இருந்தா லேசுப்பட்ட விஷயம் இல்ல.”

சீராக இருக்கிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அது என் நாடி இல்லை.

போன உயிர் திரும்பி வந்தது. அதை இப்போது எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளுக்குள் குதித்தேன். டாக்டரம்மாவிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மாடிக்கு ஏறி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் மதிய டீ வந்தது. அக்கா என் கிளாஸில் ஊற்றினார். நீலக் கோட்டின் கைக்குள்ளிருந்து வாட்ச்சின் விளிம்பு தெரிந்தது. ஊற்றி முடித்ததும் கேனை மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். மேல் உதட்டில் வியர்வை. இரண்டு மாதமாக அவர் அப்படி நின்றதை நான் பார்க்கத்தான் செய்திருக்கிறேன். அது யாருடைய நாடி என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மறுபடி பயம் வந்தது, இந்தத் தடவை இரண்டு பயம். ஒன்று அக்காவுக்காக. இன்னொன்று எனக்காக.

சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே அவரை நிறுத்திக் கேட்டேன்.

“ரெண்டு மூணு மாசமாவே இருக்குது சார்” என்றார் சாதாரணமாக. “மாடி ஏறனா நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிச்சிக்கற மாதிரி ஆவுது. கொஞ்சம் நின்னா போயிடும். வயசாவுது இல்ல?”

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“எங்க சார் போறது? போன வருசம் ஒரு பொம்பள ஒடம்பு முடியலன்னு ரெண்டு நாள் லீவு கேட்டா. மூணாம் நாள் அந்த எடத்துல வேற ஆளு. நோவுன்னு தெரிஞ்சா என்னிய வெச்சிக்குவாங்களா? எம்பொண்ணு வூட்டோட வந்து ஒக்காந்திருக்குது, நான்தான் பாத்தாவணும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டாக்டரம்மா கிட்ட சொல்லிடாதீங்க சார். ஒங்க வாட்ச்சு என் கையில இருந்துச்சுன்னா ஒங்களுக்கும் கெட்ட பேரு.”

அவர் தன் பயத்தைச் சொல்லிவிட்டு, என் பயத்தையும் எனக்காகச் சொல்லிக் கொடுத்தார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லல அக்கா. ஆனா நீங்க சீக்கிரம் போய்ப் பாத்துடணும்” என்றேன்.

“சரி சார்” என்றார். எனக்காகச் சொன்ன சரி அது. போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றோடு வாட்ச்சை அவர் கையில் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பெரிய காரியம் செய்ததாக அன்று இரவு நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுவதும் படிக்கட்டில்தான் என் காது இருந்தது. இரும்புப் படி என்பதால் யார் ஏறினாலும் கேட்கும். அக்கா ஏறும்போது பாதியில் ஒருமுறை சத்தம் நிற்கும். அந்த இடைவெளியில் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். மறுபடி சத்தம் கேட்டதும் விடுவேன். எழுந்து போய்க் கேனை வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றியது. போனால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்களே என்றும் தோன்றியது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி, டாக்டர் சொன்னதை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று எண்ணி, ஒன்றும் ஆகாது என்று தலையைத் தடவினாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டு, ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். யாரோ ஒருவரின் இதயத்துக்காக நான் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் பசை தடவிக்கொண்டு படுத்திருந்தேன். “நல்லா இருக்கு சார், ஒண்ணும் இல்ல” என்றார் அங்கிருந்த நர்ஸ். நாலு மாதமாக நான் ஏங்கிய வார்த்தை. அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன நடக்கும்? டாக்டரம்மா பார்ப்பார், வாட்ச் பழுது என்று எழுதுவார், கணக்கை மூடிவிடுவார். அக்காவின் நெஞ்சைப் பற்றி இந்த உலகத்தில் இருந்த ஒரே எச்சரிக்கையை என் நல்ல இதயத்தை வைத்து அழித்துவிடுவேன். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும், கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றேகால் ஆயிற்று. டீ வரவில்லை.

பக்கத்தில் ஒருவர், “என்னாய்யா, இன்னிக்கி டீக்கும் ஸ்டிரைக்கா?” என்றார். சிரிப்பு எழுந்தது. படிக்கட்டில் சத்தம் பாதி வரை வந்து நின்றது எனக்குக் கேட்டிருந்தது. மறுபடி கேட்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. திடீரென்று எழுந்து ஓடினேன்.

படிக்கட்டின் நடுவில் திரும்பும் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். டீ கேன் பக்கத்தில் நேராக இருந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அதன் கைப்பிடியை வலது கையால் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை போய்ப் போய் நழுவியது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

“கை ஒத்துக்கல சார்” என்றார் குழறிக்கொண்டு. “ஆறிடப் போவுது.”

நான் போட்ட சத்தத்தில் கீழே இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் ஷாப் ஃப்ளோரின் அந்தக் கோடியிலிருந்த மெடிக்கல் ரூம் வரை ஓடினேன். நெஞ்சு எப்படி அடித்தது என்று கவனிக்கவே இல்லை. டாக்டரம்மா அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் புருவம் சுருங்கியது.

“டாக்டர், அந்த வாட்ச் இவங்க கையிலதான் இருந்துச்சு” என்றேன். “ரெண்டு மாசமா. என்னுது இல்ல.”

அவர் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே, “வெள்ளிக்கிழமை தெரிஞ்சிருந்தா மாத்திரையாவது ஆரம்பிச்சிருக்கலாம்” என்றார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்ததாம். துடிப்பு தாறுமாறாக ஓடி, அங்கே கட்டிய ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். உயிருக்கு ஆபத்து இல்லை என்று நான்காம் நாள் சொன்னார்கள். வலது கை எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கம்பெனியில் வாட்ச்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்தத் தண்டனை எனக்குப் போதாது.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போவதற்கே பயமாக இருந்தது. வார்டு வாசலில் அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஓடியாரலன்னா எங்கம்மா இல்லீங்க சார்” என்று அழுதாள். கையை உருவிக்கொள்ளவும் தெரியாமல் நின்றேன். பிறகு அவள் மாத்திரை வாங்கக் கீழே போனாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா மெலிந்திருந்தார். பேச்சு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான்தான் அக்கா தப்பு. வெள்ளிக்கிழமையே டாக்டர் கிட்ட சொல்லியிருக்கணும்” என்றேன். “பயந்துட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

“நானு, வேல போயிடும்னு பயந்தன். நீங்க எதுக்கு சார் பயந்தீங்க?”

ஆபீஸில் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.